கெமிஸ்ட்ரி ஈக்வேஷன்: எண்ணிக்கை சரியாக வந்தும் ஏன் தப்பு?

ரங்கூன்_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். கெமிஸ்ட்ரி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் பதில் சொல்லுங்கள். மகள் இப்போது கிரேடு 10 படிக்கிறாள். புத்தகம் இங்கிலீஷில், வகுப்பில் சயாமா (டீச்சர்) விளக்குவது பர்மியத்தில், வீட்டுக்கு வந்து என்னைக் கேட்பது தமிழில். நான் படித்தது வரலாறு, அதனால் ஓரளவுக்கு மேல் என்னால் கைகொடுக்க முடியவில்லை.

பிரச்சினை ஈக்வேஷன் பேலன்ஸ் செய்வதில்தான். ஃபோனில் தமிழ் மட்டும்தான் தட்டுவேன், அதனால் எழுத்துகளை வாயால் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன், புரிந்துகொள்ளுங்கள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் ஆகும் ஈக்வேஷன் கேட்டிருந்தார்கள்.

எச்₂ + ஓ₂ → எச்₂ஓ

இடது பக்கம் ஆக்சிஜன் 2, வலது பக்கம் 1. உடனே இவள் வலது பக்கம் ஓ-வின் கீழே ஒரு சின்ன 2 போட்டு எச்₂ஓ₂ என்று எழுதிவிட்டாள். இரண்டு பக்கமும் ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 2. பேப்பரில் சிவப்புக் கோடு போட்டுப் பூஜ்யம் கொடுத்திருக்கிறார்கள், ஏன் என்று ஒரு வரி இல்லை. "எண்ணிக்கை சரியாத்தானேம்மா இருக்கு, அப்புறம் ஏன் தப்பு?" என்று கேட்கிறாள். எனக்கும் அவள் கேட்பது நியாயம் என்றுதான் படுகிறது.

அதற்குப் பிறகு பயந்துபோய், புத்தகத்தில் இருக்கிற ஈக்வேஷன் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிட்டாள். புத்தகத்தில் இல்லாத ஒன்று வந்தால் கை நின்றுவிடுகிறது. போன வாரம் அலுமினியத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடும் கணக்கு, அப்புறம் இரும்பு ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் சேரும் கணக்கு, இரண்டிலும் மாட்டிக்கொண்டாள். இதற்கு ஏதாவது முறை உண்டா, இல்லை மனப்பாடம்தான் வழியா? அவளுக்கு நான் படித்துச் சொல்கிற மாதிரி எழுதினால் பெரிய உதவி.

மோல்மேன்_சயா

அம்மா, உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. இதைக் கேட்காமல் மனப்பாடம் செய்கிற பிள்ளைகள்தான் பின்னால் சிரமப்படுகிறார்கள். எனக்கு டியூஷன் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எச்₂ஓ₂ என்று ஒரு பொருள் உண்மையிலேயே இருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக் கடையில் புண் கழுவ விற்கிறார்களே, ஊற்றினால் புசுபுசுவென்று நுரைக்கும், அதில் இருப்பது அதுதான், தண்ணீரில் 3 சதவீதம் அளவுக்குக் கலந்து வைத்திருப்பார்கள். குடிக்கிற தண்ணீரும் அதுவும் ஒன்றா? அந்தச் சின்ன 2-ஐப் போட்டதும் உங்கள் மகள் எழுதியதன் பொருள் "ஹைட்ரஜனை எரித்தால் பெராக்சைடு கிடைக்கும்" என்று ஆகிவிட்டது. ஹைட்ரஜனை எரித்தால் கிடைப்பது தண்ணீர். எண்ணிக்கை சரி, சொன்ன சேதி தப்பு. அதனால்தான் பூஜ்யம். ஏன் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம், அந்த வருத்தம் எனக்கும் உண்டு.

அடியில் எழுதுகிற சின்ன எண், பொருள் எதனால் ஆனது என்பதைச் சொல்கிறது. முன்னால் எழுதுகிற பெரிய எண், அந்தப் பொருள் எத்தனை என்பதைச் சொல்கிறது. கல்யாண வீட்டில் ஒரு தாம்பூலப் பையில் ஒரு தேங்காய், இரண்டு வெற்றிலை என்று முடிவு செய்துவிட்டால் அது முடிந்தது. ஆள் கூடினால் பை கூடும், பைக்குள் இருப்பது மாறாது. பேலன்ஸ் செய்யும்போது பைகளை மட்டும்தான் கூட்டலாம்.

2எச்₂ + ஓ₂ → 2எச்₂ஓ

இதில் இடதில் ஹைட்ரஜன் 4, ஆக்சிஜன் 2. வலதிலும் அதே.

இந்தச் சின்ன எண்கள் எவ்வளவு கஷ்டப்பட்டுக் கிடைத்தவை என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை, நான் எப்போதும் சொல்வேன். டால்டன் அணுக் கொள்கையைக் கொண்டுவந்தபோது தண்ணீரை ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்றுதான் வைத்திருந்தார், அதாவது எச்ஓ. அதே காலத்தில், 1808-இல், கே லூசாக் வாயுக்களை அளந்து பார்த்து, 2 பங்கு ஹைட்ரஜனும் 1 பங்கு ஆக்சிஜனும் சேர்ந்து 2 பங்கு நீராவி தருகிறது என்றார். 1 பங்கு ஆக்சிஜன் எப்படி 2 பங்கு நீராவிக்குப் பிரிந்து போகும்? ஆக்சிஜன் இரண்டு இரண்டு அணுவாகச் சேர்ந்து இருந்தால்தான் முடியும். அவகாட்ரோ 1811-இல் அதைத்தான் சொன்னார், ஆனால் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1860-இல் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரத்தில் வேதியியலார் கூடிய மாநாட்டில் கன்னிசாரோ அதை எடுத்து வாதாடிய பிறகுதான் ஒரு தெளிவு வந்தது. ஐம்பது வருஷ வாதம் அந்த ஒரு சின்ன 2-இல் இருக்கிறது. 2, 1, 2 என்று நாம் முன்னால் எழுதுகிற எண்களைப் பாருங்கள், கே லூசாக் அளந்த பங்குகள் அப்படியே இருக்கின்றன. யாரும் வசதிக்காகப் போட்ட எண்கள் இல்லை.

இனி முறைக்கு வருவோம். என் அனுபவத்தில், பேலன்ஸ் வரவில்லை என்று அழுகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு உண்மையான சிக்கல் பேலன்ஸில் இல்லை, ஃபார்முலாவில். ஃபார்முலா தப்பாக இருந்தால் எவ்வளவு எண் போட்டாலும் ஒன்று வராது, இல்லை வந்தும் தப்பாக இருக்கும். அதனால் முதலில் ஃபார்முலா. அதற்கு வேலன்சி, அதாவது ஒரு அணுவோ குழுவோ எத்தனை கை கோக்கும் என்ற எண், தெரிய வேண்டும். மனப்பாடம் செய்ய ஆசைப்படுகிற பிள்ளை இதைச் செய்யட்டும், இதில் பலன் உண்டு: சோடியம், பொட்டாசியம், வெள்ளி 1, மெக்னீசியம், கால்சியம், துத்தநாகம் 2, அலுமினியம் 3, குளோரின் 1, ஆக்சிஜன் 2, ஓஎச், நைட்ரேட் 1, சல்பேட், கார்பனேட் 2, பாஸ்பேட் 3, அம்மோனியம் 1. இரும்புக்கு 2-ம் உண்டு 3-ம் உண்டு, கேள்வியில் எது என்று கொடுத்திருப்பார்கள். அப்புறம் தனியாக இருக்கும்போது ஜோடியாக மட்டுமே இருக்கிறவை ஏழு: ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃப்ளோரின், குளோரின், புரோமின், அயோடின்.

இப்போது அலுமினியக் கணக்கு. அலுமினியம் 3, குளோரின் 1, ஆக அலுமினியம் குளோரைடு ஏஎல்சிஎல்₃. வெளியே வருவது ஹைட்ரஜன் வாயு, அது எச்₂, வெறும் எச் இல்லை. பல பேர் இங்கேயே விழுந்துவிடுகிறார்கள்.

ஏஎல் + எச்சிஎல் → ஏஎல்சிஎல்₃ + எச்₂

ஃபார்முலா நான்கும் சரி. இதற்குப் பிறகு சின்ன எண் பக்கம் பேனா போகக் கூடாது. வலதில் குளோரின் 3 இருக்கிறது, அதனால் எச்சிஎல் முன்னால் 3 போடத் தோன்றும். போட்டால் இடதில் ஹைட்ரஜன் 3, வலதிலோ அது இரண்டிரண்டாகத்தான் வரும். 3-ஐ இரண்டிரண்டாகப் பிரிக்க முடியாது, ஆகவே 3-ஐ 6 ஆக்குங்கள். எச்சிஎல் 6 என்றால் குளோரின் 6, அதற்கு ஏஎல்சிஎல்₃ 2 வேண்டும், அதற்கு அலுமினியம் 2 வேண்டும், ஹைட்ரஜன் 6 என்றால் எச்₂ 3.

2ஏஎல் + 6எச்சிஎல் → 2ஏஎல்சிஎல்₃ + 3எச்₂

ஒரு பக்கம் ஒற்றைப்படை, இன்னொரு பக்கம் இரட்டைப்படை என்று வந்தால் இரட்டிப்பாக்கிப் பார்ப்பது பாதிக் கணக்குகளைத் தீர்த்துவிடும். கடைசியில் ஒவ்வொரு தனிமத்தையும் இரு பக்கமும் எண்ணி, ஈக்வேஷனுக்குக் கீழே சின்னதாக எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பரீட்சையில் நேரமில்லை என்று இதை விடுகிறார்கள், அரை நிமிஷ வேலைதான்.

பெகு_தம்பி

சயா சொன்னது எல்லாம் சரி. நான் இன்னொரு வழி சொல்கிறேன் அக்கா, உங்கள் மகளுக்குக் கணக்கு நன்றாக வரும் என்றால் இது பிடிக்கும். ஒவ்வொரு பொருளின் முன்னாலும் ஒரு தெரியாத எண் வைத்துக்கொள்ள வேண்டியது. அவள் மாட்டிக்கொண்ட இரும்பு ஆக்சைடு கணக்கையே எடுக்கலாம்.

க எஃப்இ₂ஓ₃ + ங சிஓ → ச எஃப்இ + ட சிஓ₂

இரும்பை எண்ணினால் 2க = ச. கார்பனை எண்ணினால் ங = ட. ஆக்சிஜனை எண்ணினால் 3க + ங = 2ட. மூன்றாவதில் ட-வுக்குப் பதில் ங போட்டால் 3க = ங. க-வை 1 என்று வையுங்கள், ங 3, ச 2, ட 3. முடிந்தது. ஊகமே தேவையில்லை, எவ்வளவு பெரிய ஈக்வேஷன் வந்தாலும் இதே வழிதான்.

எரிகிற கணக்குகளுக்கு மட்டும் இவ்வளவு வேண்டாம், கார்பன் முதலில், ஹைட்ரஜன் அடுத்து, ஆக்சிஜன் கடைசி என்ற வரிசை போதும். ஆக்சிஜன் தனியாக நிற்கிறதால் அதன் முன்னால் எந்த எண் போட்டாலும் வேறு எதுவும் கலையாது, அதனால்தான் அதைக் கடைசிக்கு வைப்பது. அடுப்பு சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். புரோப்பேன் சி₃எச்₈: கார்பன் 3, ஆக சிஓ₂ 3. ஹைட்ரஜன் 8, ஆக தண்ணீர் 4. வலதில் ஆக்சிஜன் 6-ம் 4-ம் 10, ஆக ஓ₂ 5.

சி₃எச்₈ + 5ஓ₂ → 3சிஓ₂ + 4எச்₂ஓ

பியூட்டேன் சி₄எச்₁₀ எடுத்தால் வலதில் ஆக்சிஜன் 8-ம் 5-ம் 13 வரும், ஓ₂ ஆறரை. அப்போது எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினால் 2, 13, 8, 10. வீட்டில் செய்து பார்க்க ஒன்று தருகிறேன்: சாமிக்கு ஏற்றுகிற சூடம், அதாவது கற்பூரம், சி₁₀எச்₁₆ஓ. அது முழுதாக எரிந்தால் என்ன ஈக்வேஷன்? அதற்குள்ளேயே ஒரு ஆக்சிஜன் இருக்கிறது, அதை விட்டுவிடாமல் எண்ணச் சொல்லுங்கள்.

மோல்மேன்_சயா

பெகு தம்பி, உங்கள் வழி தப்பில்லை. ஆனால் கிரேடு 10 பிள்ளைக்கு முதலிலேயே அதைக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. விடை வந்துவிடும், உள்ளே என்ன நடந்தது என்பது கண்ணுக்கு வராது. அதே இரும்பு ஆக்சைடைப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு ஒவ்வொன்றும் ஒரே ஒரு ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு சிஓ₂ ஆகிறது. எஃப்இ₂ஓ₃-இல் பிடுங்க வேண்டிய ஆக்சிஜன் 3. ஆக சிஓ 3 வேண்டும், சிஓ₂ 3 வரும், மிச்சம் இரும்பு 2. இரும்புத் தாதுவை ஊது உலையில் உருக்கும்போது நடப்பதும் இதுதான். இதைப் புரிந்துகொண்ட பிள்ளை அந்த ஈக்வேஷனை ஜென்மத்துக்கும் மறக்காது.

இன்னொன்று, ஊகமே வேண்டாம் என்றீர்கள், அது எல்லா இடத்திலும் செல்லாது. பெரிய வகுப்பில் வருகிற ஒன்று: பொட்டாசியம் பெர்மாங்கனேட், ஹைட்ரஜன் பெராக்சைடு, கந்தக அமிலம் மூன்றும் சேர்ந்து பொட்டாசியம் சல்பேட், மாங்கனீஸ் சல்பேட், ஆக்சிஜன், தண்ணீர் தருகின்றன. சரியான எண்கள் இடதில் 2, 5, 3. வலதில் 1, 2, 5, 8. ஆனால் இடதில் 2, 7, 3 என்றும் வலதில் 1, 2, 6, 10 என்றும் போட்டு எண்ணிப் பாருங்கள், அதுவும் சரியாக வரும்! ஏழு தெரியாத எண்கள், ஐந்து தனிமங்கள், அதனால் அல்ஜீப்ரா இங்கே ஒரே விடையைத் தராது. பெர்மாங்கனேட் ஒவ்வொன்றும் 5 எலக்ட்ரான் வாங்கும், பெராக்சைடு ஒவ்வொன்றும் 2 எலக்ட்ரான் கொடுக்கும், கொடுப்பதும் வாங்குவதும் சமமாக வேண்டும் என்றால் 2-க்கு 5 என்ற விகிதம்தான் பொருந்தும். வெறும் அணு எண்ணிக்கை மட்டும் போதாத இடங்கள் உண்டு என்று காட்டத்தான் இதைச் சொன்னேன். அம்மா, உங்கள் மகளுக்கு இது இப்போது தேவையில்லை.

பெகு_தம்பி

அந்த பெர்மாங்கனேட் கணக்கை இப்போதுதான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ஆக்சிஜன் இரண்டு பக்கமும் 34, ஹைட்ரஜன் 20. நீங்கள் சொன்னது சரி சயா. எலக்ட்ரான் கணக்கையும் ஒரு வரியாகச் சேர்த்தால் அல்ஜீப்ராவும் ஒரே விடை தரும், அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். சின்ன வகுப்பில் முதலில் கண்ணால் பார்த்துப் போடப் பழகட்டும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

தட்டோன்_பெரியம்மா

நீங்கள் பேசுவதில் எனக்குப் பாதிதான் புரிகிறது, ஆனால் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் வெற்றிலைக் கடை. வெள்ளைச் சுண்ணாம்பை டப்பாவில் கரைத்து வைத்து இலை இலையாகத் தடவிக்கொண்டே இருப்போம். மூடாமல் வைத்தால் மேலே ஆடை மாதிரி ஒரு தோல் படிந்துவிடுகிறது, விரலால் அழுத்தினால் மொறுமொறுவென்று உடையும், அது தண்ணீரில் கரைவதும் இல்லை, இலையில் தடவினால் காரமும் இல்லை. தண்ணீர் வற்றித்தான் இப்படி ஆகிறது என்று நினைத்து மேலே தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்தாலும் சில நாளில் மறுபடி படிகிறது. இதற்கும் உங்கள் ஈக்வேஷனுக்கும் சம்பந்தம் உண்டா?

மோல்மேன்_சயா

நல்ல நேரத்தில் கேட்டீர்கள் பெரியம்மா, இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. முழு சம்பந்தம் உண்டு. பா-ஆன் பக்கம் போனால் வயலுக்கு நடுவே செங்குத்தாக நிற்கிற மலைகள் எல்லாம் சுண்ணாம்புக் கல், கால்சியம் கார்பனேட், சிஏசிஓ₃. அந்த மாதிரிக் கல்லைச் சூளையில் 900 டிகிரி வரைக்கும் சுட்டால் சிஓ₂ வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும்.

சிஏசிஓ₃ → சிஏஓ + சிஓ₂

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் சுர்ரென்று கொதித்துப் பொரிந்து நீற்றுச் சுண்ணாம்பாகும்.

சிஏஓ + எச்₂ஓ → சிஏ(ஓஎச்)₂

நீங்கள் டப்பாவில் வைத்திருப்பது இது. இது காற்றில் இருக்கிற சிஓ₂-வை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு,

சிஏ(ஓஎச்)₂ + சிஓ₂ → சிஏசிஓ₃ + எச்₂ஓ

மறுபடி கல்லாகவே ஆகிவிடுகிறது. உங்கள் விரலில் உடைகிற அந்தத் தோல், பா-ஆன் மலையில் இருக்கிற அதே பொருள். தண்ணீர் வற்றுவது காரணமில்லை, காற்றுப் படுவதுதான். மேலே நிற்கிற தண்ணீரும் காற்றைத் தடுக்காது, சிஓ₂ தண்ணீரில் கரைந்து உள்ளே போய்விடும். இறுக்கமான மூடி போடுங்கள், அது ஒன்றுதான் வழி. படிந்துவிட்ட தோலை எடுத்துப் போட்டுவிடலாம், மறுபடி சூளைக்குப் போகாமல் அது சுண்ணாம்பாகாது. சுவரில் அடிக்கிற சுண்ணாம்பு நாள் ஆக ஆகக் கெட்டிப்படுவதும் இதே ஈக்வேஷன்தான்.

ரங்கூன் அம்மா, இந்த மூன்றையும் மகளை எண்ணச் சொல்லுங்கள். மூன்றிலும் முன்னால் எந்த எண்ணும் வேண்டாம், எழுதின மாத்திரத்தில் சமமாக இருக்கிறது. பேலன்ஸ் செய் என்று கேட்டால் ஏதாவது ஒரு எண் போட்டே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. எண்ணிப் பார்த்துச் சரியாக இருந்தால் பேனாவை எடுத்துவிட வேண்டியதுதான். அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கிற 2, உள்ளே இருக்கிற ஓ, எச் இரண்டுக்கும் சேரும் என்பதையும் இதிலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

எடைக் கணக்கும் பாருங்கள். அணு எடை கால்சியத்துக்கு 40, கார்பனுக்கு 12, ஆக்சிஜனுக்கு 16. கல் 100 கிலோ சுட்டால் சுட்ட சுண்ணாம்பு 56 கிலோ, காற்றோடு போவது 44 கிலோ. கூட்டினால் 100. அந்த 56 கிலோ 18 கிலோ தண்ணீரைக் குடித்து 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகும். லவாய்சியே 1789-இல் அழுத்திச் சொன்னது இதைத்தான், எந்த வினையிலும் புதிதாக எதுவும் உண்டாவதும் இல்லை, காணாமல் போவதும் இல்லை. சூளைக்காரர் கண்ணுக்குக் கல் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும், குறைந்தது எங்கே போயிற்று என்பதற்கு ஈக்வேஷனில் இடம் இருக்கிறது. நாம் எதற்காக பேலன்ஸ் செய்கிறோம் என்று பிள்ளை கேட்டால் இந்த மூன்று எண்களைக் காட்டுங்கள்: 100, 56, 44.

தட்டோன்_பெரியம்மா

இத்தனை வருஷம் தடவியிருக்கிறேன், இது கல்லாக மாறுகிறது என்று ஒருத்தரும் சொன்னதில்லை. பேரனுக்குப் படித்துக் காட்டப் போகிறேன், அவனும் அடுத்த வருஷம் கெமிஸ்ட்ரி எடுக்கப் போகிறானாம். மூடி வாங்கிவிடுகிறேன்.

ரங்கூன்_அம்மா

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி கரண்ட் இல்லை, மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் செய்தோம். சூடம் கணக்கு அவளே போட்டாள். சிஓ₂ 10, தண்ணீர் 8, வலதில் ஆக்சிஜன் 28, சூடத்துக்குள் ஒன்று இருப்பதால் மீதி 27, ஆக ஓ₂ பதின்மூன்றரை. அதை இரட்டிப்பாக்கி

2சி₁₀எச்₁₆ஓ + 27ஓ₂ → 20சிஓ₂ + 16எச்₂ஓ

என்று எழுதினாள். சரிதானே? அரையை அப்படியே விடலாமா என்றும் கேட்கிறாள். அப்புறம் ஒரு சந்தேகம்: சிஓ₂-வும் தண்ணீரும் மட்டும்தான் வரும் என்றால் சூடத் தட்டில் கரி ஏன் பிடிக்கிறது?

அவளாகவே இன்னொன்றும் எழுதினாள், தாமிரத்தை அமிலத்தில் போட்டால்:

சியூ + 2எச்சிஎல் → சியூசிஎல்₂ + எச்₂

எண்ணிப் பார்த்தோம், எல்லாம் சமம். சயா பார்த்துச் சொல்ல வேண்டும்.

பெகு_தம்பி

சூடம் நூற்றுக்கு நூறு அக்கா. இரண்டு பக்கமும் ஆக்சிஜன் 56. அரையை விடுவது பற்றி: பெரிய வகுப்பில் ஒரு மோல் (பொருளை அளக்க வைத்திருக்கிற ஒரு அளவு) எரிந்தால் எவ்வளவு வெப்பம் என்று எழுதும்போது அரையும் காலும் வரும், அங்கே அது தப்பில்லை. இப்போது பரீட்சைக்கு முழு எண், அதுவும் ஆகச் சின்ன முழு எண். 4, 54, 40, 32 என்று போட்டாலும் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும், ஆனால் சுருக்கச் சொல்வார்கள்.

கரி பிடிப்பது, சூடத்துக்கு அந்த நேரத்தில் போதுமான காற்று கிடைக்காததால். மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்றரை ஆக்சிஜன் வேண்டும் என்று இப்போதுதானே பார்த்தோம், சுடருக்கு உள்ளே அவ்வளவு போய்ச் சேராது. சேராத இடத்தில் கார்பன் கார்பனாகவே வெளியே வருகிறது, அதுதான் கரி. நாம் எழுதிய ஈக்வேஷன் முழுதாக எரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும். கேஸ் அடுப்பில் சுடர் மஞ்சளாகி பாத்திரத்தின் அடி கறுப்பதும் இதே காரணம்தான், அப்போது கார்பன் மோனாக்சைடும் வரும், அது விஷம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மோல்மேன்_சயா

சூடத்தைத் தானே போட்டாளே, அதிலேயே தெரிகிறது, மனப்பாடம் இனி வேண்டாம் என்று.

தாமிரத்துக்கு வருகிறேன். எண்ணிக்கை சமம், ஃபார்முலாவும் சரி. ஆனால் அந்த வினை நடக்காது. ஒரு செம்புக் கம்பியைச் சாதாரண ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு வைத்தால் ஒரு குமிழி கூட வராது. அமிலத்தில் இருந்து ஹைட்ரஜனைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார, உலோகம் ஹைட்ரஜனைவிட வேகம் உள்ளதாக இருக்க வேண்டும். பொட்டாசியம், சோடியம், கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, ஈயம், அப்புறம் ஹைட்ரஜன், அதற்குக் கீழே தாமிரம், வெள்ளி, தங்கம் என்று அந்த வரிசை போகும். துத்தநாகம் ஹைட்ரஜனுக்கு மேலே இருக்கிறது, அதைப் போட்டால் குமிழி கிளம்பும்:

இசட்என் + 2எச்சிஎல் → இசட்என்சிஎல்₂ + எச்₂

தாளில் பார்த்தால் தாமிரத்துக்கும் துத்தநாகத்துக்கும் ஒரே மாதிரி ஈக்வேஷன். எது நடக்கும் எது நடக்காது என்று எண்ணிக்கை சொல்லாது, பொருளைத் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். எச்₂ஓ₂ எழுதியபோது நடந்ததும் இதுதான் அம்மா, இரண்டு இடத்திலும் எண்ணிக்கை சரியாக இருந்தது, பொருள் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஈக்வேஷன் எழுதுவதற்கு முன்னால் இந்தப் பொருள் என்ன, கண்ணுக்கு எப்படி இருக்கும், திடமா திரவமா வாயுவா, தண்ணீரில் கரையுமா என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இதைக் காட்ட ஃபார்முலா பக்கத்தில் அடைப்புக்குள் போடுகிற சின்ன எழுத்துகளைப் பிள்ளைகள் மார்க்குக்காக மட்டும் போடுகிறார்கள், உண்மையில் யோசிக்க வைப்பது அதுதான்.

இன்னும் ஒரு கணக்கு கொடுத்துவிடுகிறேன், குழுக்களைப் பழக. ஆற்றுத் தண்ணீரைத் தெளிய வைக்க அலுமினியம் சல்பேட்டும் சுண்ணாம்பும் சேர்ப்பார்கள். கொழகொழவென்று அலுமினியம் ஹைட்ராக்சைடு உண்டாகி, சேற்றை எல்லாம் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கும்.

ஏஎல்₂(எஸ்ஓ₄)₃ + சிஏ(ஓஎச்)₂ → ஏஎல்(ஓஎச்)₃ + சிஏஎஸ்ஓ₄

இதில் ஆக்சிஜனைத் தனியாக எண்ண ஆரம்பித்தால் தலை சுற்றும். சல்பேட் ஒரு குழுவாகவே இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் போகிறது, உடையவில்லை, அதை ஒரே பொருளாக எண்ணலாம். ஓஎச்-சும் அப்படியே. சல்பேட் இடதில் 3, ஆக சிஏஎஸ்ஓ₄ 3. கால்சியம் 3 வேண்டும், ஆக சுண்ணாம்பு 3, அதில் ஓஎச் 6. அலுமினியம் 2, ஆக ஏஎல்(ஓஎச்)₃ 2, அதிலும் ஓஎச் 6. எண்கள் 1, 3, 2, 3. குழு உடைந்துவிட்டால் மட்டும் இப்படி எண்ணக் கூடாது. சுண்ணாம்புக் கல்லில் அமிலம் ஊற்றும்போது கார்பனேட் உடைந்து சிஓ₂ ஆகிறதே, அங்கே தனித்தனியாகத்தான் எண்ண வேண்டும்.

ரங்கூன்_அம்மா

தாமிரம் நடக்காது என்றதும் "அப்போ எழுதி மட்டும் என்னத்துக்கு"ன்னு முதலில் கோபப்பட்டாள், அப்புறம் அந்த வரிசையை ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டாள். சுண்ணாம்புக் கல்லும் அமிலமும் அவளே போட்டது:

சிஏசிஓ₃ + 2எச்சிஎல் → சிஏசிஎல்₂ + சிஓ₂ + எச்₂ஓ

ஆக்சிஜன் இரு பக்கமும் 3. வாரக் கடைசியில் வகுப்பில் டெஸ்ட் இருக்கிறது. அதற்கு முன்னால் கொஞ்சம் கஷ்டமாக ஒன்று கொடுங்கள் என்று அவளே கேட்கச் சொன்னாள் சயா.

மோல்மேன்_சயா

அது சரியாக இருக்கிறது அம்மா. கஷ்டமானது வேண்டும் என்றால் அம்மோனியா. அம்மோனியா வாயுவை ஆக்சிஜனோடு சூடான பிளாட்டினம் மேல் செலுத்தினால் நைட்ரிக் ஆக்சைடும் தண்ணீரும் கிடைக்கும், நைட்ரிக் அமிலம் செய்கிற தொழிலில் முதல் படி அது, நைட்ரேட் உரங்கள் வருவதும் அந்த வழியில்தான்.

என்எச்₃ + ஓ₂ → என்ஓ + எச்₂ஓ

ஹைட்ரஜனில் ஆரம்பிக்கட்டும், இடதில் மூன்று மூன்றாக, வலதில் இரண்டிரண்டாக வருகிறது. ஆக்சிஜன் வலதில் இரண்டு இடத்தில் இருப்பதால் அதைக் கடைசிக்கு வைக்கட்டும். நடுவில் ஒரு அரை வரும், பயப்பட வேண்டாம், என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும். நான்கு எண்களையும் கூட்டினால் 19 வர வேண்டும். வராவிட்டால் எந்தப் படியில் நின்றாள் என்று இங்கே எழுதுங்கள், நான் ராத்திரி பார்க்கிறேன்.